காட்சியழகும் கதையும்: மிகுபுனைவு அசைவூட்டக் குறும்படங்களை முன்வைத்து

அசைவூட்டக் குறும்படங்களைப் பற்றிய பேச்சில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் இடம்பெற்றுவிடுகின்றன. 'காட்சிகள் அற்புதம், ஆனால் கதை இல்லை' என்பது ஒன்று. 'இது ஓவியத்தின் நீட்சி, இதில் கதையைத் தேடுவதே பிழை' என்பது மற்றொன்று. முதல் வாக்கியத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நாவலும் சிறுகதையும் வாசித்துப் பழகியவர்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் ஓவியத்திலோ கணினி வரைகலையிலோ தோய்ந்தவர்கள். இரு தரப்பாரும் தத்தம் கட்சிக்கு வசதியான படங்களை மட்டும் எடுத்துக்காட்டி, எதிர்த்தரப்பின் நல்ல படங்களைக் கவனமாகத் தவிர்த்துவிடுகிறார்கள். உருவமா உள்ளடக்கமா என்று நமது சிறுபத்திரிகைகளில் நெடுங்காலம் நடந்த விவாதத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் சண்டையின் சாயல் உடனே பிடிபடும்.

இதில் நமது நிலைப்பாட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். மிகுபுனைவு சார்ந்த அசைவூட்டக் குறும்படத்துக்குக் கதை வேண்டும். அதைச் சம்பவங்களின் வரிசையாக மட்டும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. காட்சிப் பாணி அக்கதைக்குள் ஒரு வேலையைச் செய்தாக வேண்டும். அப்படிச் செய்யாத பாணி, எத்தனை ஆண்டு உழைப்பில் விளைந்ததாயினும், கோவிலுக்கு வெளியே நிற்கும் தோரணமாகவே நின்றுவிடும்.

மிகுபுனைவை மட்டும் தனித்துப் பேசக் காரணம் உண்டு. நடப்பியல் படத்தில் தெருவைக் காட்டினால் அது தெரு என்று பார்வையாளருக்குத் தெரியும். மிகுபுனைவில் உலகத்தையே முதலிலிருந்து கட்டியெழுப்ப வேண்டும். குறும்படத்துக்குக் கிடைப்பதோ ஏழு முதல் பதினைந்து நிமிடங்கள். அந்த நேரம் முழுவதையும் உலகத்தைக் கட்டுவதிலேயே செலவழித்துவிடும் சபலம் இங்கே மிக அதிகம். அசைவூட்டத்தின் இயல்பும் இதற்குத் துணைபோகிறது. நொடிக்கு 24 சட்டகங்கள் என்றால் பத்து நிமிடப் படத்தில் 14,400 சட்டகங்கள். அவற்றில் எதுவும் தற்செயலாகக் கேமராவுக்குள் வந்து விழுவதில்லை. மரத்தின் நிழல்கூட எவரோ ஒருவர் தீர்மானித்து வைத்ததுதான். ஒவ்வொரு நிழலுக்கும் உழைக்க வேண்டியிருக்கும் கலைஞன் நிழல்களின் மீதே காதல் கொண்டுவிடுவதை நாம் குறைசொல்ல முடியாது. ஆனால் பார்வையாளரும் அதே காதலோடு அமர்ந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது வேறு விஷயம்.

சொற்களை முதலில் சரிசெய்துகொள்வோம். கதைப்பின்னல் என்பது அடுத்தடுத்து என்ன நடந்தது என்பதன் கோவை. கதை அதைவிட அகன்றது. படத்தின் தொடக்கத்தில் இருந்த ஏதோ ஒன்று, முடிவில் அப்படியே இருக்க இயலாமல் போவதையே இங்கே கதை என்கிறோம். மாறுவது பாத்திரமாக இருக்கலாம்; ஒரு பொருளைப் பற்றிய நமது புரிதலாகவும் இருக்கலாம். காட்சிப் பாணி என்று நாம் குறிப்பது கோடு, நிறம், ஒளி, பரப்பின் சொரசொரப்பு, நகர்வின் வேகம் ஆகிய அனைத்தையும்.

இந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் படமாகிய 'பேராலயம்' பற்றி முதலில் பார்ப்போம். போலந்தைச் சேர்ந்த தோமெக் பகின்ஸ்கி 2002ல் இயக்கிய 'கதெத்ரா' என்ற இந்தக் கணினி அசைவூட்டப் படம், அடுத்த ஆண்டு ஆஸ்கர் விருதுக்கான குறும்படப் பரிந்துரையைப் பெற்றது. ஏழு நிமிடத்துக்குள் அடங்குவது. கைத்தடியில் விளக்கேந்திய ஒரு மனிதன் ஒரு பிரம்மாண்டமான ஆலயத்துக்குள் நுழைகிறான். தூண்கள் மரங்களைப் போல முறுக்கிக்கொண்டு எழுகின்றன. விளக்கொளி படுமிடத்தில் தூண்களுக்குள் மனித முகங்கள் தெரிகின்றன. ஆலயத்தின் மறுமுனை ஒரு பாதாளத்தை நோக்கித் திறந்து கிடக்கிறது. அங்கே சூரியன் எழும்போது அவன் உடலிலிருந்து கிளைகள் வெடித்துக் கிளம்புகின்றன. அவன் இன்னொரு தூணாகிறான்.

இப்படத்தின் மூலம், யாசெக் துகாய் எழுதி 2000ல் வெளிவந்த அறிவியல் புனைகதை. அதில் ஒரு பாதிரியார் விண்கல் ஒன்றின்மீதிருக்கும் கல்லறைக்கு அனுப்பப்படுகிறார். சகபயணிகளைக் காக்கத் தன்னுயிரை ஈந்த ஒருவனின் கல்லறை அது. அங்கே நிகழ்வதாகச் சொல்லப்படும் அற்புதங்கள் மெய்யா என்று விசாரித்தறிவது அவர் பணி. பேராலயமோ கட்டப்பட்டதன்று, உயிருள்ள படிகம் போன்றதொரு பொருளால் தானே வளர்வது. நம்பிக்கைக்கும் விசாரணைக்கும் இடையே ஒரு மனம் மெல்லச் சிக்கிக்கொள்வதே கதையின் சாரம். படம் இவற்றில் பெரும்பகுதியைக் கைவிட்டு, ஆலயத்தையும் ஒரு வருகையையும் ஒரு முடிவையும் மட்டும் எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்டதில் ஒன்று மிகச் சரியானது. இரண்டாம் நிமிடத்தில் சிற்ப வேலைப்பாடு போலத் தெரிந்த முகங்கள், இறுதியில் தமக்கு முன் வந்தவர்களின் முகங்களாக மாறுகின்றன. ஒரு சொல்லும் இல்லாமல் அலங்காரம் விதியாகிறது. காட்சியே கதைசொல்லும் இடம் இதுதான். ஆனால் கைவிட்டதில் ஒன்று படத்தைப் பலவீனமாக்குகிறது. இந்த மனிதன் எதற்காக வந்தான், எதை விரும்பினான் என்பதற்கு ஒரு சைகைகூட இல்லை. தேடி வந்தவனா, தெரியாமல் நுழைந்தவனா? அவன் மாற்றம் அர்ப்பணமா, பொறியில் விழுதலா? இந்தத் தெளிவின்மையைப் படத்தின் ஆழம் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. நம்மால் உடன்பட இயலவில்லை. ஒருவனுக்கு விருப்பம் ஒன்று இருந்தால்தான் அது நிறைவேறியதா பறிக்கப்பட்டதா என்ற ஐயத்துக்கே இடமுண்டு. விருப்பமே காட்டப்படாதவனின் முடிவு நமக்கு வியப்பைத் தரும், துயரத்தைத் தராது. துகாயின் பாதிரியாரிடம் அந்த விருப்பம் இருந்தது.

அடுத்து, இந்த விவாதத்துக்கு ஏறத்தாழ ஒரு பரிசோதனைக்கூடம் போலவே அமைந்துவிட்ட படங்கள் உள்ளன. பிளெண்டர் என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்கியவர்கள், அதைச் சோதித்து மேம்படுத்துவதற்காகவே ஆம்ஸ்டர்டாமிலிருந்து குறும்படங்களைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். முதற்படம் பாஸம் குர்தாலி இயக்கி 2006ல் வெளியான 'எலிஃபன்ட்ஸ் ட்ரீம்'. படத்தோடு அதன் மூலக் கோப்புகள் அனைத்தையும் எவரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தார்கள்; அந்த வகையில் அது ஒரு வரலாற்று நிகழ்வு. எல்லையற்ற ஓர் இயந்திரத்துக்குள் முதியவர் ஒருவர் இளைஞன் ஒருவனை அழைத்துச் செல்கிறார். இருவரும் காண்பது ஒரே உலகந்தானா என்ற ஐயமே படத்தின் கரு. நல்ல கரு. ஆயினும் குழாய்களும் கம்பிகளும் விசைப்பலகைகளும் நிறைந்த அவ்வியந்திரத்தின் ஒவ்வோர் அறையும் அடுத்த அறையின் வியப்புக்கான முன்னுரையாக இருக்கிறதே தவிர, இளைஞனின் ஐயத்தை வளர்க்கும் படியாக அமையவில்லை. அறைகளின் வரிசையை மாற்றிவைத்தாலும் படத்துக்குப் பெரிய இழப்பு நேர்ந்துவிடாது. குழந்தைகளுக்குச் சொல்லும் கதையைத் திடீரென முடித்துவிட நீண்ட தும்பிக்கை யானையைக் கொண்டுவரும் டச்சு வழக்கம் ஒன்றிலிருந்து படத்தின் தலைப்பு பிறந்தது. கதை அறுந்து நிற்பதைத் தலைப்பிலேயே புன்னகையோடு ஒப்புக்கொண்ட படம் என்று அதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2010ல், அதே குழுமம் 'சின்டெல்' என்ற படத்தை வெளியிட்டது. இயக்கம் காலின் லெவி. இம்முறை கதைக்கென்றே எஸ்தர் வவ்டா என்ற எழுத்தாளர் அமர்த்தப்பட்டார். சின்டெல் என்ற பெண் காயம்பட்ட ஒரு குட்டி டிராகனைக் காப்பாற்றி வளர்க்கிறாள். பெரிய டிராகன் ஒன்று அதைத் தூக்கிச் சென்றுவிடுகிறது. பனியும் பாலையும் கடந்து அவள் தேடி அலைகிறாள். குகையொன்றில் ஒரு குட்டியையும் அதனருகே பெரிய டிராகனையும் காண்கிறாள். பெரியதைக் கொன்றபின்னரே அதன் இறக்கையிலுள்ள தழும்பைப் பார்க்கிறாள். அவள் தேடி வந்த குட்டிதான் அது. இடைப்பட்ட காலத்தில் அது வளர்ந்துவிட்டது. தானும் முதுமையடைந்துவிட்டதைத் தன் பிரதிபலிப்பில் அவள் அப்போதுதான் உணர்கிறாள்.

'சின்டெல்' குறையற்ற படம் அன்று. வழக்கமான வீரசாகசப் படங்களின் உடையையும் ஆயுதத்தையும் அது அப்படியே எடுத்து அணிந்திருக்கிறது. கணினியில் உருவான முகங்களும் முடியும் இன்று பழையனவாகத் தெரிகின்றன. ஆனாலும் அந்தத் தழும்பு இன்றும் பார்ப்பவரை உலுக்குகிறது. காரணம் எளிது. தேடலின் போது பாலையும் பனியும் அழகிய நிலக்காட்சிகளாக மட்டும் நம் கண்முன் கடந்துபோயின. அவை ஆண்டுகள் என்று இறுதியில்தான் தெரிகிறது. அதாவது, நாம் 'காட்சியழகு' என்று ரசித்துக்கொண்டிருந்ததே அவளிடமிருந்து கழிந்துகொண்டிருந்த வாழ்நாள். ஒரே நிறுவனம், ஒரே மென்பொருள், நான்கே ஆண்டு இடைவெளி. வரைகலையின் முன்னேற்றத்தைக் கொண்டு மட்டும் இரு படங்களுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்கிவிட முடியாது என்றே நாம் கருதுகிறோம்.

கதை இருந்தும் அதை நீட்டப் புகுந்து கெடுத்த கதையும் உண்டு. ஷேன் ஏக்கர் தம் மாணவப் பருவத்தில் உருவாக்கி 2005ல் வெளியான '9' என்ற குறும்படம் ஏறத்தாழ பதினொரு நிமிடங்கள் ஓடுவது. வசனமே கிடையாது. சாக்குத்துணியில் தைத்த பொம்மை ஒன்று, தன் தோழனின் உயிரைப் பறித்துத் தன் உடலில் சுமந்து திரியும் இயந்திரப் பூனையைப் பொறிவைத்துப் பிடிக்கிறது. அவ்வளவுதான். இடிந்த உலகம் எப்படி இடிந்தது என்று படம் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் எழவில்லை. 2009ல் அதே இயக்குநர் அதை முழுநீளப் படமாக்கினார். உலகம் அழிந்த காரணமும் விஞ்ஞானியின் வரலாறும் வசனங்களும் சேர்ந்தன. பொம்மைகள் பேசத் தொடங்கியதும் அவற்றின் மௌனத்தில் இருந்த அச்சம் கலைந்தது. காட்சிக்குக் கதை வேண்டும் என்று நாம் சொல்லும்போது, விளக்கம் வேண்டும் என்று எவரும் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

இனி, காட்சியும் கதையும் பிரிக்கவியலாமல் கலந்த படத்துக்கு வருவோம். ரஷ்ய இயக்குநர் யூரி நோர்ஷ்டெய்ன் 1975ல் உருவாக்கிய 'மூடுபனியில் முள்ளெலி' பத்து நிமிடப் படம். கதை செர்கேய் கஸ்லோவ் எழுதியது. ஓவியம் நோர்ஷ்டெய்னின் துணைவியார் ஃப்ரான்செஸ்கா யார்புசோவா வரைந்தது. முள்ளெலி ஒன்று தன் நண்பனாகிய கரடிக்குட்டியோடு அமர்ந்து நட்சத்திரங்களை எண்ணுவதற்காக, பழப்பாகு முடிச்சோடு புறப்படுகிறது. வழியில் மூடுபனிக்குள் ஒரு வெள்ளைக் குதிரை. அக்குதிரை பனிக்குள் படுத்து உறங்கினால் மூச்சு முட்டிவிடாதா என்று முள்ளெலிக்கு ஐயம். பார்த்துவிட இறங்குகிறது. வழி தொலைகிறது, அஞ்சுகிறது, ஆற்றில் விழுகிறது, முகம் தெரியாத ஏதோ ஓர் உயிர் அதைச் சுமந்து கரை சேர்க்கிறது. நண்பனிடம் போய்ச் சேர்ந்தபின்னும், பனிக்குள் அந்தக் குதிரை எப்படி இருக்கிறதோ என்று அதன் மனம் அங்கேயே நிற்கிறது.

கதைப்பின்னல் என்று பார்த்தால் இதில் என்ன இருக்கிறது? வழிதவறிய ஒரு குட்டி விலங்கு வீடு சேர்கிறது. ஆயிரம் குழந்தைக் கதைகளில் வருவதுதான். இப்படத்தை அவற்றிலிருந்து பிரிப்பது அந்தப் பனி. மெல்லிய ஒளிபுகு தாளை உருவங்களின் மேல் வைத்து, சட்டகம் சட்டகமாகக் கேமராவை நோக்கி உயர்த்தியே நோர்ஷ்டெய்ன் அப்பனியை உண்டாக்கினார். உருவங்கள் தாளை நெருங்கும்போது தெளிகின்றன, விலகும்போது கரைகின்றன. இலை ஒன்று விழுவதும் நத்தை ஊர்வதும் பெருமரம் ஒன்றின் அடித்தண்டு திடீரென எதிர்நிற்பதும் முள்ளெலிக்கு எப்படித் தோன்றுமோ அப்படியே நமக்கும் தோன்றுகின்றன. அதற்குத் தெரியாதது நமக்கும் தெரிவதில்லை. பனி இங்கே பின்புலம் அன்று. தெரியாமை என்னும் நிலையே பனியாகப் படர்ந்திருக்கிறது.

நம் அகப்பாடல்களை வாசித்தவர்களுக்கு இது அந்நியமான முறையாகத் தோன்றாது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள உயிர்களும் பொருள்களும் கருப்பொருள். அவற்றின் வழியே உணர்த்தப்படும் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள் என்று பகுத்த மரபு நம்முடையது. நிலத்தை வருணிப்பதாகத் தோன்றும் வரிகளுக்குள்ளேயே மனத்தின் நிலை சொல்லப்பட்டுவிடும். அந்த அளவுகோலை நோர்ஷ்டெய்ன் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நாம் அசைவூட்டப் படம் பார்க்கும்போது நம் கையில் இருக்கும் நல்லதோர் அளவுகோல் அது. உரிப்பொருளைச் சுமக்கும் முதற்பொருளும் கருப்பொருளும் பாட்டாகின்றன. அதைச் சுமக்காதவை மலைகளும் மரங்களும் கொண்ட பட்டியலாக நின்றுவிடுகின்றன. காட்சிப் பாணிக்கும் இதே விதி பொருந்தும்.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைச் சந்திக்க வேண்டும். அதே நோர்ஷ்டெய்ன் 1979ல் எடுத்த 'கதைகளின் கதை' ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடுகிறது. அதில் தொடர்ச்சியான கதைப்பின்னல் இல்லை. தனித்துவிடப்பட்ட வீட்டில் ஒரு சாம்பல்நிற ஓநாய்க்குட்டி. ஒளி நிறைந்த கடற்கரையில் ஒரு மீனவக் குடும்பம். பனியில் ஆப்பிள் தின்னும் சிறுவன். விளக்கின் கீழ் ஆடும் இணைகள் என்று படம் நினைவைப் போலத் தாவிக்கொண்டே செல்கிறது. உலக அசைவூட்டத்தின் உச்சங்களில் ஒன்றாகப் பலராலும் மதிக்கப்படும் படம். 'இதில் கதை எங்கே?' என்று நம்மைக் கேட்கலாம்.

அந்த நடனக் காட்சியையே பதிலாகச் சொல்வோம். இசைத்தட்டில் ஒரு தாங்கோ ஒலிக்கிறது. ஆண்களும் பெண்களும் ஆடுகிறார்கள். தட்டு தடுக்கி இசை அறுபடும் ஒவ்வொரு முறையும் ஓர் ஆண் மறைந்துபோகிறான். அவன் கையிருந்த இடத்தில் வெறுமையைப் பற்றியபடி பெண் நிற்கிறாள். பின்னர் மரண அறிவிப்புத் தாள்கள் பறவைகளைப் போலப் பறந்து வருகின்றன. இரண்டாம் உலகப்போரில் ஒரு தலைமுறை ஆண்களை இழந்த தேசத்தின் கதை அந்த ஒரு சில நிமிடங்களில் சொல்லி முடிக்கப்பட்டுவிடுகிறது. ஆடிக்கொண்டிருந்த இணை, முடிவில் இணையாக இருக்க இயலாமல் போகிறது. கதைக்கு நாம் தந்த வரையறை இங்கே முழுமையாக நிறைவேறுகிறது. பின்னல் இல்லாத படத்தைக் கதை இல்லாத படம் என்று குழப்பிக்கொண்டு, 'கதைகளின் கதை'யைத் தம் வெறும் காட்சிக்கோவைகளுக்குச் சாட்சியாக அழைப்பவர்கள் அதைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இத்தனை சிக்கலில்லாமல், மிக எளிய முறையில் இதே காரியத்தைச் சாதித்த படமும் இருக்கிறது. ஜப்பானின் குனியோ கட்டோ 2008ல் இயக்கி, 2009ல் ஆஸ்கர் பெற்ற 'சிறு கனசதுரங்களாலான வீடு'. கடல்மட்டம் உயர உயர, தன் வீட்டின்மேல் மேலும் ஓர் அறை கட்டிக் குடியேறிக்கொண்டே வரும் முதியவர், தண்ணீருக்குள் விழுந்துவிட்ட புகைக்குழாயை எடுக்க நீர்மூழ்கி உடையோடு இறங்குகிறார். ஒவ்வொரு தளமும் அவர் வாழ்வின் ஒவ்வொரு பருவம். மனைவியின் நோய், மகளின் திருமணம், மகள் குழந்தையாயிருந்த நாட்கள், கடைசியில் இரு சிறார்கள் முதன்முதல் சந்தித்த தரை. பென்சில் கீறலும் மங்கிய நிறமுமாக, பழைய படக்கதைப் புத்தகம் போன்ற தோற்றம். அந்த வீட்டின் வடிவமே கதையின் வடிவம். செங்குத்தாக அடுக்கிய அறைகளைப் படுக்கைவாட்டில் மாற்றிவிட்டால் கதை இல்லாமலாகிவிடும். நினைவுக்குள் 'ஆழ்ந்து' போவதாக நாம் பேச்சுவழக்கில் சொல்வதை, படம் சொல்லுக்குச் சொல் செய்துகாட்டிவிடுகிறது.

நம் வாதத்துக்கு எளிதில் அடங்காத படம் ஒன்றையும் பேசிவிடுவது நேர்மை. அலெக்சாந்தர் பெத்ரோவ் 1999ல் முடித்து, 2000ல் ஆஸ்கர் பெற்ற 'கடலும் கிழவனும்'. கண்ணாடியின்மேல் எண்ணெய் வண்ணத்தைப் பெரும்பாலும் விரல்களாலேயே தீட்டி, படமெடுத்து, அதையே சற்று மாற்றித் தீட்டி, மீண்டும் படமெடுத்து என்று 29,000க்கும் மேற்பட்ட ஓவியங்களால் ஆன இருபது நிமிடப் படம். ஹெமிங்வேயின் கதை நாமறிந்தது. கதையில்லை என்று எவரும் குறைசொல்ல இயலாது. ஆனால் சொற்சிக்கனத்துக்குப் பேர்போன எழுத்தாளரின் கதையை, ஒவ்வொரு சட்டகமும் பொன்னொளியில் குளித்த ஓவியத்தால் சொல்லும்போது, மீனோடு போராடும் வேதனையும் காலைக் கடலின் அமைதியும் ஒரே அளவு அழகாகிவிடுகின்றன. எல்லாமே அழகாக இருக்குமிடத்தில் எதற்காகப் பதைப்பது என்று தெரிவதில்லை.

அதே படத்தில், கிழவர் தம்மையும் மீனையும் உடன்பிறப்புகளாகக் கனவு கண்டு, இருவரும் கடலிலும் வானிலுமாகச் சேர்ந்து நீந்தும் பகுதி வேறு தரத்தில் இருக்கிறது. முந்தைய ஓவியத்தை அழித்தே அடுத்த ஓவியம் பிறக்க வேண்டும் என்பது அந்த முறையின் இயல்பு. நீர் வானாகக் கரைவதும் மனிதன் மீனாக இழைவதும் அந்த ஈர வண்ணத்துக்கே உரிய செயல்கள். கதை நடப்பியலை விட்டு மிகுபுனைவுக்குள் நுழையும் அந்தச் சில கணங்களில் பாணி தனக்குரிய வேலையைக் கண்டடைந்துவிடுகிறது. ஒரே படத்துக்குள்ளேயே அலங்காரமாகும் பாணியையும் கதையாகும் பாணியையும் நாம் அருகருகே காண முடிகிறது.

அப்படியானால் கதையற்ற காட்சிப் படங்கள் ஏன் இத்தனை பெருகுகின்றன? திறமைக் குறைவு என்று சொல்லிவிடுவது அநீதி. குறும்படத்துக்குத் திரையரங்கச் சந்தை இல்லை. அதை எடுப்பவருக்கு அது பெரும்பாலும் ஓர் அறிமுகச் சீட்டு. விளம்பர நிறுவனமோ விளையாட்டு நிறுவனமோ பெரிய படக்கூடமோ அதைப் பார்த்து வேலை தர வேண்டும். வேலை தருபவர் முதல் முப்பது நொடியில் பார்ப்பது ஒளியமைப்பையும் அசைவின் நேர்த்தியையும்தான். 'பேராலயம்' இயக்கிய பகின்ஸ்கி பின்னர் 'விட்சர்' கணினி விளையாட்டுக்கு அறிமுகக் காட்சியை இயக்கினார். 2019ல் தொடங்கிய அதன் தொலைக்காட்சித் தொடரில் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் இருந்தார். அவர் வளர்ச்சியில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் ஒரு கலைவடிவம் முழுவதும் வேலை விண்ணப்பமாக மாறினால், விண்ணப்பத்துக்கு வேண்டிய குணங்களே அதில் தழைக்கும்.

இந்த விவாதம் இன்று முன்னெப்போதையும்விட அவசரமாகிவிட்டது என்பதே நாம் இதை எழுதக் காரணம். 2022 முதல், சில சொற்களைத் தட்டச்சு செய்தால் ஓவியத்தை உருவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவலாகிவிட்டன. 2025 மார்ச்சில், ஜப்பானின் ஜிப்லி படக்கூடத்தின் சாயலில் தம் குடும்பப் புகைப்படங்களை மாற்றிப் பகிரும் மோகம் உலகெங்கும் பரவியதை நாமனைவரும் கண்டோம். மூடுபனி, மிதக்கும் தீவு, முறுக்கிய தூண்கள் எதுவும் இனி அரியவையல்ல. இதைக் கண்டு வருந்துவோர் பெரும்பாலும் உழைப்பின் மதிப்பையே முன்வைக்கிறார்கள். விரலால் 29,000 ஓவியம் தீட்டியவரோடு இதை ஒப்பிடலாமா என்று கேட்கிறார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு. கலைஞர்களின் ஒப்புதலின்றி அவர்களது படைப்புகள் எடுத்தாளப்படுவதைப் பற்றிய கோபத்தில் நாமும் பங்குகொள்கிறோம். ஆனால் உழைப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் நாம் தோற்றுவிடுவோம். உழைத்துச் செய்த அலங்காரமும் அலங்காரமே.

காத்துநிற்க வேண்டியது உழைப்புக்குப் பின்னாலுள்ள தேர்வை. மூடுபனியை எவரும் உருவாக்கலாம். குதிரைக்கு மூச்சு முட்டுமோ என்று கவலைப்படும் ஓர் உயிரை அதற்குள் அனுப்பியவர்கள் கஸ்லோவும் நோர்ஷ்டெய்னும். 2025ல் முழுநீள அசைவூட்டத்துக்கான ஆஸ்கரை வென்ற லாட்விய நாட்டுப் படமாகிய 'ஃப்ளோ', மேலே சொன்ன அதே பிளெண்டர் மென்பொருளில்தான் உருவானது. அதன் தோற்றத்தில் பெரிய படக்கூடங்களின் பளபளப்பு இல்லை. வெள்ளத்தில் தத்தளிக்கும் ஒரு பூனை, பிற விலங்குகளோடு ஒரே படகில் இருக்கக் கற்றுக்கொள்வதை ஒரு சொல்லும் இல்லாமல் அது சொல்லிவிட்டது. கருவி அனைவருக்கும் கிடைத்தபின் எது எஞ்சுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

ஆகவே, குறும்படம் எடுக்கும் நண்பர்களிடமும் அவற்றைப் பார்த்து எழுதும் நண்பர்களிடமும் நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. 'கதை இருக்கிறதா?' என்றோ 'காட்சி அழகா?' என்றோ தனித்தனியாகக் கேட்பதை விட்டுவிடுவோம். இந்தக் காட்சிகளின் வரிசையை மாற்றினால் ஏதேனும் உடைகிறதா? இதே கதையை வேறொரு பாணியில் தீட்டினால் எதை இழப்போம்? முடிவில் மாறிப்போவது எது, அது மாறியதில் எவருக்கு இழப்பு? இம்மூன்று கேள்விகளையும் தாங்கிநிற்கும் படம் மூன்று நிமிடமே ஓடினாலும் நம்மோடு இருக்கும். தாங்காத படத்துக்கு நாம் கைதட்டலாம், அதன் உழைப்பை வணங்கலாம். அதோடு அதை மறந்துவிடவும் நமக்கு உரிமை உண்டு.